இருநூற்றுப் பன்னிரண்டு அடிக் கம்பியில் இருபது எண்கள்

கம்ப்யூட்டரும் கம்ப்யூட்டரும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை நாங்கள் ஆறு பேர் ஒரு வருடம் படித்தோம். ஆறு பேரில் ஒருவர்கூடக் கம்ப்யூட்டரைக் கண்ணால் கண்டதில்லை. பாடம் நடத்திய சாரையும் சேர்த்தால் ஏழு பேர். எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் அப்படி ஒன்று எந்தக் கட்டடத்தில் இருந்தது என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் எங்களை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள்.

முதுகலை இயற்பியலில் இரண்டாம் ஆண்டு விருப்பப் பாடம் அது. டேட்டா கம்யூனிகேஷன், ஓர் அறிமுகம். அந்த வருடம்தான் புதிதாகக் கொண்டுவந்திருந்தார்கள். வகுப்பில் இருபத்து மூன்று பேர். பதினேழு பேர் பழகிய பாடத்துக்குப் போனார்கள். நான் இதில் சேர்ந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. இதன் பாடத்திட்டம் ஒன்றரைப் பக்கம், மற்றது நாலே கால் பக்கம். எண்ணிப் பார்த்துத்தான் சேர்ந்தேன்.

சாருக்கு என்னைவிட மூன்று வயதுதான் கூட. கடற்கரைத் தெருக்காரர். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் சங்கு குளிக்கிற படகுகளில் போனவர்கள். இந்தப் பாடத்துக்கு ஒரே ஒரு புத்தகம், அதுவும் சென்னையிலிருந்து இரவலாக வந்தது. முந்தின நாள் படித்ததை மறுநாள் நடத்துவார். அதை மறைக்கவும் மாட்டார். "இதுக்கு மேல இருக்கத இன்னைக்குப் படிச்சிட்டு நாளைக்கு வாரேன்" என்று சாக்பீஸை வைத்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு அது பெரிய கவலையாக இருந்தது. அவர் படிக்காமல் தாண்டிய இடத்தில் கேள்வி வந்தால் என்ன செய்வது?

முதல் வகுப்பில் மேசைமேல் ஒரு டார்ச் பல்பையும் ஒரு சுவிட்சையும் வைத்தார்.

"எரியுது. எரியல. இந்த ரெண்டத் தவிர கம்பிக்கு வேற ஒண்ணும் சொல்லத் தெரியாது. கவிதை ஆனாலும் கணக்கு ஆனாலும் இந்த ரெண்டுலதான் போவணும்" என்றார்.

ஒரு எரிதல் அல்லது எரியாமை, அதற்கு ஒரு பிட் என்று பெயர். நாலு பிட் இருந்தால் பதினாறு வடிவம். பூஜ்யம் முதல் ஒன்பது வரை எழுதப் பத்து போதும். நான் நோட்டின் ஓரத்தில் இரட்டிப்பாக்கிக்கொண்டே போனேன். ஐந்து பிட்டுக்கு முப்பத்திரண்டு, பத்துக்கு ஆயிரத்து இருபத்து நாலு. இருபதில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. இருபது முறை ஆம், இல்லை என்று சொன்னால் ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு தனி அடையாளம் கொடுத்துவிட்டு மிச்சமும் வைக்கலாம். தப்பாகப் பெருக்கிவிட்டேனோ என்று இன்னொரு முறை போட்டேன். சரியாகத்தான் இருந்தது. கையில் மயிர் கூச்செறிந்தது.

அன்று மாலை கடற்கரைச் சாலையில் நின்றேன். வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பல் ஒன்று துறைமுகத்தைப் பார்த்து விளக்கை மின்னிக்கொண்டிருந்தது. அந்த மாதிரி எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். விளக்கு மின்னுகிறது என்று மட்டும்தான் பார்த்திருந்தேன். அன்று எண்ணினேன். அறுபத்து மூன்று மின்னல். ஒன்றும் புரியவில்லை. ஆனால் கரையிலிருந்து யாரோ பதில் மின்னினார்கள். இத்தனை வருடமும் என் தலைக்கு மேலேயே பேச்சு நடந்திருக்கிறது என்று நினைத்ததும், கோயிலுக்குள் நிற்பதுபோல் செருப்பைக் கழற்றலாமா என்று தோன்றியது.

வியப்பு இருக்கட்டும், எனக்கு வேலை வேண்டியிருந்தது. வெளியூரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் ஆய்வகத்தில் செய்முறை சொல்லிக்கொடுக்கும் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலைக்கு உத்தரவு வந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. எல்லாத் தாளிலும் அந்த ஏப்ரலிலேயே, முதல் தடவையிலேயே தேறியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து அந்த டிசம்பரில்தான் ஓய்வு பெற்றிருந்தார். வீட்டில் ஆறு பேர். எழுத்துத் தாள்களைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் இந்தப் பாடத்தின் செய்முறைத் தேர்வைப் பற்றித்தான். கம்ப்யூட்டர் இல்லாமல் என்ன செய்முறை?

சார் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். நீங்களே கம்ப்யூட்டராக இருங்கள் என்றார். இருவர் இருவராகப் பிரித்தார். மாடி ஆய்வகத்தில் ஒருவன் அனுப்ப வேண்டும். மைதானத்தைத் தாண்டி சைக்கிள் கொட்டகையின் பக்கத்து அறையில் இன்னொருவன் வாங்க வேண்டும். நடுவில் இருநூற்றுப் பன்னிரண்டு அடி. போக ஒரு ஜோடிக் கம்பி, வர ஒரு ஜோடி. இரண்டு முனையிலும் ஒரு விளக்கும், தந்தி ஆபீஸில் தட்டுவதுபோல் ஒரு சாவியும். ஒட்டுக் கம்பிகளைச் சேர்த்து முறுக்கியதால் எனக்கு வருகிற ஜோடியில் மட்டும் பதினாலு முடிச்சு. தேர்வாளர் இருபது எண்கள் தருவார். ஐந்து நிமிடத்துக்குள் இருபதும் பிழையில்லாமல் வந்து சேர வேண்டும்.

எனக்குக் கூட்டாளியாக வாய்த்தவன் ஆத்தூர்க்காரன். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் வீடு. கல்யாணங்களுக்கு வெற்றிலையும் சீர்வரிசைத் தட்டுகளும் அவர்கள் வீட்டிலிருந்துதான் போகும். எதற்கும் கவலைப்படாத ஆள். நான் கவலைப்படுவதை வேடிக்கை பார்ப்பான்.

இருவரும் ஒரே நேரத்தில் எப்படி எண்ணுவது? சார் ஆளுக்கொரு பெண்டுலம் கொடுத்தார். நூலில் தொங்கும் பித்தளைக் குண்டு, நீளம் தொண்ணூற்றொன்பது சென்டிமீட்டர். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகச் சரியாக ஒரு நொடி. அவன் சாவியைத் தட்டி என் விளக்கை ஒரு மின்னல் மின்ன வைப்பான். அதே கணத்தில் அவன் அங்கே குண்டை விடுவான், நான் இங்கே விடுவேன். அதன்பின் குண்டு நடுவைக் கடக்கும்போதெல்லாம் அவன் சாவியை மாற்றுவான். குண்டு ஓரத்தைத் தொடும்போதெல்லாம் நான் விளக்கைப் பார்த்து எழுதுவேன். நாலு ஓரம், நாலு பிட், ஒரு எண். முதல் ஓரத்துக்கு மதிப்பு எட்டு, அடுத்தவற்றுக்கு நாலு, இரண்டு, ஒன்று; எரிந்ததை மட்டும் கூட்டினால் எண் வந்துவிடும்.

ஐந்தாவது ஓரம் வேறு வேலைக்கு. அதற்குப் பெயர் பாரிட்டி பிட். நாலு பிட்டில் எத்தனை எரிந்தது என்று அனுப்புகிறவன் எண்ணுவான். ஒன்று, மூன்று என்று ஒற்றைப்படையாக இருந்தால் ஐந்தாவதையும் எரியவிட்டு இரட்டைப்படை ஆக்குவான். ஏற்கெனவே இரட்டையாக இருந்தால் சும்மா விடுவான். வாங்குகிறவனும் எண்ணிப் பார்ப்பான். இரட்டையாக இல்லாவிட்டால் வழியில் ஏதோ கெட்டுவிட்டது என்று அர்த்தம். சரியென்றால் அவன் ஒரு முறை பதில் மின்ன வேண்டும். தப்பென்றால் இரண்டு முறை, அதாவது திருப்பிச் சொல்.

"சங்கு குளிக்கப் போனவன் கடலுக்குக் கீழ இருந்து கயித்த இழுப்பான். மேல இருக்கவன் பதிலுக்கு ஒரு இழுப்பு இழுக்கணும். அது வரலன்னா கீழ இருக்கவனுக்கு உசுரு பாதி போயிரும். பதில் இல்லாத பேச்சு பேச்சே இல்லடே" என்றார் சார்.

எனக்குப் பாரிட்டிதான் பெரிய அதிசயமாக இருந்தது. அனுப்பியது என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் வந்தது தப்பு என்று தெரியும். அது எப்படித் தெரிய முடியும் என்று இரண்டு நாள் அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அவரைத் தூங்கவிடாமல் செய்தேன்.

ஒத்திகை ஆரம்பித்தது. முதல் நாள் நாற்பது எண் அனுப்பினான். நாற்பதும் தப்பு. மறுநாள் ஐம்பது, மூன்றாம் நாள் ஐம்பது. வந்தது எதுவும் இரட்டையாக இல்லை. இரண்டு இரண்டாக மின்னி என் கட்டைவிரல் வீங்கியது. நான் கம்பியைத்தான் சந்தேகப்பட்டேன். உப்புக் காற்றில் செம்பு பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. பதினாலு முடிச்சையும் பிரித்துப் புளி போட்டுத் தேய்த்து மறுபடி முறுக்கினேன். தேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் சார் என் நோட்டைப் பார்த்தார்.

"நூத்து நாப்பதுல நூத்து நாப்பதா?"

"ஆமா சார். கம்பி சரியில்ல."

"கம்பி கெட்டா சிலது சாகும், சிலது பொழைக்கும். ஒண்ணு விடாம சாகுதுன்னா அது கம்பி இல்ல, மனுசன்" என்று சொல்லி மாடிக்கு நடந்தார். நானும் பின்னாலேயே ஏறினேன்.

கூட்டாளியின் முதுகுக்குப் பின்னால் நின்று, "அஞ்சு அனுப்பு" என்றார் சார். ஐந்துக்கு இரண்டு பிட் எரியும். இரட்டைதான், கடைசியைச் சும்மா விட வேண்டும். அவன் கடைசியையும் எரியவிட்டான்.

"ஏன் எரிச்ச?"

"ரெண்டு இருந்துது சார். இரட்டைப்படையில எப்படி முடிக்க? ஒண்ணு கூட வச்சேன்."

சார் அவனுடைய நோட்டைப் புரட்டினார். இரட்டைப்படை என்று அவன் கையாலேயே எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான். அவனே அதைப் பார்த்துத் திகைத்துவிட்டான்.

"நோட்டுல எழுதினது நெசந்தான் சார். கை கேக்கலியே. வீட்டுல தட்டு கெளம்பும்போது கடைசியா எண்ணுறது நான்தான். ஆறு இருந்தா ஏழாவது ஒரு தட்டுல ரெண்டு எலுமிச்சம்பழத்தப் போட்டு வச்சிருவேன். ரெட்டையா அனுப்புனா, இத்தோட போதும்னு சொல்லுத மாதிரில்லா? ஒத்தையா போனாத்தான் மேல மேல வரும்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஏலே, நீ எம்.எஸ்ஸி. படிக்கவன்தானா? கல்யாண வீடா இது? மூணு நாளா என் வெரல் வீங்கிக் கெடக்கு!"

"நீ பெரிய விஞ்ஞானி! இப்ப மாடி ஏறி வந்தியே, எண்ணாம ஏறுனியா? எத்தன படி, சொல்லு."

"இருபத்திரெண்டு."

"பாத்தீயளா சார்! படிய ரெட்டப்படையில கட்டியிருக்கானுவ. அதான் இந்த லேப்ல ஒரு எக்ஸ்பெரிமெண்டும் வெளங்கல."

சார் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அதன்பின் ஒரு மணி நேரம் அவனை இரட்டையில் அனுப்பச் சொல்லிப் பார்த்தோம். பத்துக்கு மூன்றில் கை பழைய வழிக்கே போனது. கடைசியில் சார் என் பக்கம் திரும்பினார். "நீ மாறிக்கயேன். ஒத்தைன்னா ஒத்தை. ரெண்டு முனையும் ஒண்ணா இருந்தா சரி. கேக்கவன் மாறுதது லேசு."

மாறிக்கொண்டேன், மனமில்லாமல். வகுப்பு நோட்டில் இரட்டை என்று இருக்கிறது. மற்ற இரண்டு ஜோடியும் இரட்டையில்தான் செய்கிறார்கள். நாங்கள் மட்டும் ஒற்றை. தேர்வாளர் ஏன் என்று கேட்டால்? வெற்றிலைத் தட்டு என்று சொல்லவா?

மறுநாள் மதியம் அவன் இருபது எண் அனுப்பினான். நான் எழுதிக்கொண்டேன். இருவரும் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி மைதானத்தின் நடுவில் பூவரச மரத்தடியில் வைத்து ஒப்பிட்டோம். இருபதும் ஒன்றுபோல் இருந்தன. அவன் மாடியில், நான் கொட்டகையில். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, குரல் கேட்கவில்லை. ஒன்றையொன்று பாராத இரண்டு பித்தளைக் குண்டுகள் ஒரே தாளத்தில் ஆடியிருக்கின்றன. அவன் மனதில் இருந்தது காக்கையும் காற்றும் உலாவும் வெளியைத் தாண்டி, எரிந்தும் எரியாமலும் வந்து, என் தாளில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. நான் அந்த இரண்டு தாளையும் எட்டு முறை படித்தேன். "சரிதாம்லே, விடு, பசிக்கி" என்று அவன் பிடுங்கிக்கொண்டு போனான்.

தேர்வு நாளில் காற்று பலமாக இருந்தது. தேர்வாளர் வெளியூர்க்காரர், தடித்த கண்ணாடி, அதிகம் பேசாதவர். எண்களை எழுதி ஒரு பிரதியை மாடியில் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, தன் பிரதியோடு என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். சார் உள்ளே வரக்கூடாது என்பதால் மரத்தடியில் நின்றார். தேர்வாளர் என் பதிவேட்டைப் புரட்டினார்.

"எல்லாரும் இரட்டைன்னு எழுதியிருக்காங்க. நீங்க ஒற்றைன்னு எழுதியிருக்கீங்களே?"

"ரெண்டு முனையும் ஒரே மாதிரி இருந்தா போதும் சார்."

"அது சரி. இதை ஏன் எடுத்தீங்க?"

"கூட்டாளி வீட்டு வழக்கம் சார்."

அவர் சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார். ஐந்து மதிப்பெண் போயிற்று என்று கணக்கு வைத்துக்கொண்டேன். "ஆரம்பிக்கலாம்" என்று கடிகாரத்தைப் பார்த்தார்.

ஒரு எண்ணுக்குப் பதில் மின்னலோடு சேர்த்துப் பத்து நொடி. பழக்கத்தில் இருபதும் மூன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பதின்மூன்று எண் ஒழுங்காக வந்தன. பதினாலாவதற்கு ஆரம்ப மின்னல் வந்தது, குண்டை விட்டேன். முதல் ஓரத்தில் இருட்டு. இரண்டாவதிலும், மூன்றாவதிலும், நாலாவதிலும் இருட்டு. நாலும் இருட்டு என்றால் பூஜ்யம். பென்சில் தாளைத் தொட்டது. ஐந்தாவது ஓரமும் இருட்டு.

கை நின்றது. எரிந்தது ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது இரட்டைக் கணக்கில்தான் சேரும். எங்கள் வழக்கப்படி பூஜ்யத்துக்கு ஐந்தாவது பிட் எரிந்தே ஆக வேண்டும். அப்படியானால் இது பூஜ்யம் இல்லை.

அப்போதுதான் முழுவதும் விளங்கியது. மற்றவர்களைப்போல் இரட்டையில் செய்திருந்தால் இந்த இருட்டு ஒரு குற்றமும் இல்லாத பூஜ்யமாக வந்து உட்கார்ந்திருக்கும். ஆரம்ப மின்னலோடு அறுந்துபோன கம்பிகூடப் பூஜ்யம் பூஜ்யம் என்று நாள் முழுக்கச் சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கும். ஒற்றையில் மட்டும்தான் ஒவ்வொரு எண்ணிலும் ஏதாவது ஓரிடத்தில் விளக்கு எரிந்தாக வேண்டும். மௌனத்துக்கும் பூஜ்யத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிய அது ஒன்றுதான் வழி. உச்சந்தலை சிலிர்த்தது. பயமும் சேர்ந்தே வந்தது.

இரண்டு முறை மின்னினேன். அவன் திரும்ப அனுப்பினான். ஆரம்ப மின்னல், பிறகு ஐந்து இருட்டு. மறுபடி இரண்டு மின்னினேன். வெளியே கம்பி காற்றில் ஊஞ்சலாடுவது தெரிந்தது. ஏதோ ஒரு முடிச்சு விட்டு விட்டுப் பிடிக்கிறது. மனதுக்குள் கணக்குப் போட்டேன். ஒன்பது முறை திருப்பிக் கேட்கலாம். பத்தாவது முறை கேட்டால் ஐந்து நிமிடம் தாண்டிவிடும். வேலையும் போய்விடும். பூஜ்யம் என்று எழுதிவிட்டு மேலே போனால் நேரம் மிச்சம். பத்தில் ஒரு பங்கு அது சரியாகவும் இருக்கலாம்.

மூன்று. நாலு. தேர்வாளர் முன்னால் குனிந்தார்.

"என்ன செய்யறீங்க? நாலும் இருட்டுன்னா பூஜ்யம்தானே?"

"இல்ல சார். பூஜ்யம்னா கடைசியில ஒரு தடவ எரியணும். இது பூஜ்யம் இல்ல. கம்பி பேசவே இல்ல."

அவர் தன் தாளைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாவது முறையும் இருட்டு. ஆறாவது முறை இரண்டு மின்னிவிட்டுக் காத்திருந்தபோது காற்று கொஞ்சம் அடங்கியது. ஆரம்ப மின்னல். முதல் ஓரத்தில் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பிறகு நாலும் இருட்டு. எரிந்தது ஒன்று, ஒற்றை. எட்டு என்று எழுதி ஒரு முறை மின்னினேன். மற்ற ஆறும் தடங்கலில்லாமல் வந்தன.

"நாலு நிமிஷம் முப்பத்தஞ்சு நொடி" என்றார் அவர். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். பதினாலாவதில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"ஒற்றைக்கு இதுதான் காரணம்னு முன்னாடியே தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். "தெரியாது சார். இப்பத்தான் தெரிஞ்சுது."

அவர் தலையாட்டினார். கேள்விக்குறியை அழிக்கவும் இல்லை, அதன் பக்கத்தில் ஒன்றும் எழுதவும் இல்லை. எழுந்து போய்விட்டார்.

கூட்டாளி படியிறங்கி வந்தான். "என்னலே, ஒரு எட்ட ஏழு மட்டம் அனுப்ப வச்சிட்ட? கண்ணு அவிஞ்சு போச்சா?"

நடந்ததைச் சொன்னேன். அவனுக்கு ஒரு வியப்பும் இல்லை. "நான்தான் அப்பவே சொன்னேம்லா, ரெட்டையில முடிக்கக் கூடாதுன்னு" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். சார் மட்டும் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து நின்றபடியே புரட்டினார். "இருக்குடே. ஒரே ஒரு வரி. நான் தாண்டிட்டேன்" என்று அந்த வரியை எனக்குக் காட்டினார். இருவரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம்.

அடுத்த ஐம்பத்தொரு நாளும் அந்தக் கேள்விக்குறி என்னை விடவில்லை. தெரியாது என்று சொன்னதற்கு எத்தனை மதிப்பெண் குறைப்பார்கள்? பத்தா, பதினைந்தா? வேலைக்கான கடைசித் தேதிக்கு ஐந்து நாள் இருக்கும்போது பரீட்சை முடிவு பேப்பரில் வந்தது. வீட்டுக்கு வருகிறவரை பொறுக்காமல் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிப் பிரித்தேன். எறும்பு ஊர்வதுபோல் வரிசை வரிசையாக எண்கள். என் எண் இருந்தது. ஆசையில் கண் ஏமாற்றலாம் அல்லவா? கடை அண்ணாச்சியிடம் பேப்பரை நீட்டினேன். என் எண் என்னவென்று சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இந்த வரிசைய மட்டும் வாசிங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார். என் எண் வந்தது.

"இன்னொரு மட்டம் வாசிங்க அண்ணாச்சி."

வாசித்தார். மறுபடி வாசிக்கச் சொன்னேன். நாலாவது முறை முடித்ததும் பேப்பரை மடித்து என் கையில் திணித்தார். "எல்லா மட்டமும் அதே நம்பர்தான்யா வருது. எழுத்து என்ன, எந்திரிச்சா ஓடிரும்? எந்த நம்பர்தான் உம்மது?"

சொன்னேன்.

"அட, பாஸாயிட்டீரு! போம், வீட்டுல போய்ச் சொல்லும்!"

ஐந்தாவது முறை கேட்கவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.